மண்ணால் கல்விக்கூடம் எழுப்பிய ஹஸன் ஃபத்ஹீ

நமது ஊர்களில் இன்று ஒரு மத்ரஸாவோ, பள்ளிக்கூடமோ, கல்லூரியோ கட்டுவதென்றால் வேலை எப்படித் தொடங்குகிறது என்பது நமக்குத் தெரியும். முதலில் நன்கொடைக் குழு அமைகிறது. பிறகு வரைபடம் வருகிறது. அதில் காங்கிரீட் தூண்கள், தட்டையான மேல்தளம், முகப்பில் பெரிய கண்ணாடி ஆகியவை இருக்கும். கட்டி முடித்த முதல் கோடையிலேயே மேல்மாடி வகுப்பறையில் பிள்ளைகள் உட்கார முடியாமல் தவிக்கிறார்கள். அடுத்த வசூல் ஏசிக்காக. அதற்கடுத்த வசூல் மின்கட்டணத்திற்காக.

இதற்கு வேறு வழியே இல்லையா என்று வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தவர் எகிப்தைச் சேர்ந்த கட்டடக்கலை அறிஞர் ஹஸன் ஃபத்ஹீ. கேட்டதோடு நிற்காமல் கட்டியும் காட்டினார். அவர் மறைந்து 35 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத கட்டடங்களைப் பற்றி உலகப் பல்கலைக்கழகங்கள் இன்று நடத்தும் பாடங்களில் அவர் பெயர் இடம்பெறுகிறது. ஆனால் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. அந்தக் குறையை ஓரளவு போக்கவே இந்தக் கட்டுரை.

சோளம் தெரியாத மாணவன்

ஹஸன் ஃபத்ஹீ 1900ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று அலெக்ஸாண்ட்ரியாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். குடும்பத்திற்குக் கிராமத்தில் நிலபுலன்கள் இருந்தன. ஆனால் தந்தைக்குக் கிராமம் என்றாலே ஈயும் கொசுவும் அழுக்குத் தண்ணீரும்தான். பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லவே மாட்டார். தாயாரோ சிறுவயதில் கிராமத்தில் வாழ்ந்தவர். ஆட்டுக்குட்டிகளையும் வாய்க்கால்களையும் பற்றி ஏக்கத்தோடு கதை கதையாகச் சொல்வார். தந்தையின் வெறுப்பு ஒரு பக்கம், தாயின் ஏக்கம் மறுபக்கம் என இரண்டுக்கும் நடுவே வளர்ந்த ஹஸனுக்குக் கிராமத்தைப் பார்க்கும் வாய்ப்பு இளைஞனாகும் வரை கிட்டவில்லை.

கிராமத்து மக்களுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்ற ஆசையில் விவசாயக் கல்லூரியில் சேர முயன்றார். நுழைவுத் தேர்வில் பயிர்களைப் பற்றிக் கேட்டார்கள். வயலையே பார்த்திராத பையனால் சோளம் விளையும் விதத்தைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. இடம் கிடைக்கவில்லை. அல்லாஹ் ஒரு கதவை அடைத்து வேறொரு கதவைத் திறந்தான். ஹஸன் கட்டடக்கலை படித்து, 1926ல் கெய்ரோவில் பட்டம் பெற்றார்.

அவருக்குக் கிடைத்த முதல் பணிகளில் ஒன்று ஒரு பள்ளிக்கூடம். நைல் கழிமுகப் பகுதியிலுள்ள தல்கா என்ற சிற்றூரில் தொடக்கப் பள்ளி ஒன்றைக் கட்டும் வேலையை மேற்பார்வையிட அனுப்பினார்கள். ரயில் நிலையத்திலிருந்து வேலை நடக்கும் இடத்திற்கு ஊரைக் கடந்துதான் போக வேண்டும். குறுகிய சந்துகள், சேறு, ஈ மொய்க்கும் கடைகள், அவற்றின் நடுவே விதியே என்று வாழும் மனிதர்கள். அந்தக் காட்சியைத் தாங்க முடியாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு வயல் வழியாகப் போகத் தொடங்கினார். அங்கும் அதே வறுமைதான். பள்ளிக்கூடம் கட்டுகிறோம், ஆனால் அதில் படிக்கப் போகும் பிள்ளைகள் எங்கே உறங்குகிறார்கள் என்ற கேள்வி அன்று அவர் மனத்தில் விழுந்தது. கடைசிவரை அது அவரை விட்டுப் போகவில்லை.

விழுந்த கூரைகளும் நூபியக் கொத்தனார்களும்

1930 முதல் கெய்ரோவின் நுண்கலைக் கல்லூரியில் அவர் ஆசிரியராக இருந்தார். அன்றைய கட்டடக்கலைப் படிப்பு முழுக்க ஐரோப்பிய நகல்தான். எகிப்தில் பிறந்து வளர்ந்த மாணவர்கள் பாரிஸ் வெயிலுக்கும் லண்டன் மழைக்கும் ஏற்ற வீடுகளை வரைந்து பட்டம் பெற்றார்கள். எகிப்தின் வெயிலுக்கு எது பொருந்தும் என்று சொல்லித்தர ஆளில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. இரும்பும் மரமும் சிமெண்டும் கிடைப்பது அரிதாயிற்று. விவசாயப் பண்ணை ஒன்றில் வீடுகள் கட்டும் வேலை ஃபத்ஹீயின் கையில் இருந்தது. காலடியில் கிடக்கும் மண்ணைக் கொண்டே கட்டலாமே என்று அவர் முடிவெடுத்தார். நைல் வண்டலில் வைக்கோல் கலந்து வெயிலில் காயவைத்த பச்சைக் கல்லால் சுவர்கள் எளிதாக எழும்பின. கூரையில்தான் சிக்கல். மண் கல்லை வளைத்துக் கூரையாக்க வேண்டுமானால் அடியில் மரச்சட்டம் கொடுத்துத் தாங்க வேண்டும். மரம்தான் இல்லையே! சட்டமில்லாமல் முயன்ற கூரைகள் ஒவ்வொன்றாக இடிந்து விழுந்தன.

அப்போது அவருடைய சகோதரர் ஒருவர் அஸ்வான் பகுதியில் பணியாற்றிக்கொண்டிருந்தார். நூபிய மக்கள் மரச்சட்டமே இல்லாமல் மண் கல்லால் வளைவுக் கூரை போடுகிறார்கள் என்ற தகவல் அவர் மூலம் கிடைத்தது. 1941ல் ஃபத்ஹீ தம் மாணவர்களையும் அழைத்துக்கொண்டு அஸ்வானுக்குப் புறப்பட்டார்.

அங்கே மேற்குக் கரைக் கிராமத்தில் அவர் கண்டது ஒரு புது உலகம். வெள்ளையடித்த, விசாலமான, ஒன்றைப்போல் ஒன்று இல்லாத வீடுகள். எல்லாவற்றிற்கும் மண் கூரை. ஊர்ப் பள்ளிவாசலும் அப்படியே. அருகிலிருந்த பழைய துறவியர் மடத்திலும், லக்ஸரில் ரம்ஸேஸ் மன்னரின் கோவிலைச் சேர்ந்த களஞ்சியங்களிலும் இதே முறையில் கட்டிய வளைவுகள் நின்றன. களஞ்சியங்களுக்கு வயது 3,000 ஆண்டுகளுக்கும் மேல். மண் கட்டடம் நிலைக்காது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு பெரிய தவறு என்பதை அந்தக் களஞ்சியங்களே காட்டின.

நூபியக் கொத்தனார்களின் முறை கேட்பதற்கு எளிமையானது. அறையின் பின்சுவரை மட்டும் உயரமாக எழுப்புவார்கள். அந்தச் சுவரின்மேல் மண் சாந்தால் வளைவின் கோட்டைக் கண்ணளவிலேயே வரைவார்கள். முதல் வரிசைக் கற்களை அந்தக் கோட்டின்மீது சுவரில் சாய்த்து ஒட்டுவார்கள். இரண்டாம் வரிசை முதல் வரிசையின்மீது சாயும், மூன்றாவது இரண்டாவதின்மீது சாயும். இப்படி ஒவ்வொரு வளையமும் முந்தையதன்மேல் சாய்ந்து நிற்பதால் அடியில் மரம் தேவைப்படாது. இதற்கென்றே வைக்கோல் அதிகம் கலந்து எடை குறைந்த கற்களைச் செய்வார்கள். நீளம் 25 செ.மீ., அகலம் 15 செ.மீ., கனம் 5 செ.மீ. மட்டுமே. கல் ஈரமாக இருக்கும்போதே அதன் முகத்தில் விரலால் இரண்டு பள்ளக் கோடுகள் இழுத்துவிடுவார்கள். சாந்து அந்தப் பள்ளத்தைப் பற்றிக்கொள்வதால் கல் நழுவாது. இரண்டு கொத்தனார்கள் சேர்ந்தால் ஓர் அறைக்குக் கூரை போட ஒன்றரை நாள் போதும்.

பட்டம் பெற்ற பேராசிரியர், எழுதப் படிக்கத் தெரியாத கொத்தனார்களிடம் மாணவராக அமர்ந்தார். இதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது. அறிவு எங்கே இருந்தாலும் அது மூமினின் தொலைந்துபோன சொத்து என்று நாம் மேடையில் பேசுகிறோம். அதைத் தேடி வெயிலில் அலைந்து, எளிய மனிதரின் கையிலிருந்து பணிவோடு பெற்றுக்கொள்வது வேறு. ஃபத்ஹீ அதைச் செய்தார்.

புதிய குர்னா: கனவும் காயமும்

லக்ஸருக்கு எதிர்க்கரையில் பழைய குர்னா என்ற ஊர். ஃபிர்அவ்ன்கள் காலத்துப் பிரமுகர்களின் கல்லறைகள் மீதே வீடுகள். ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்தார்கள். கல்லறைப் பொருள்களை எடுத்து விற்பது பலருக்குப் பிழைப்பாக இருந்தது. பாறையில் செதுக்கிய புகழ்பெற்ற சிற்பம் ஒன்றையே பெயர்த்துக் கடத்திவிட்டதால் எழுந்த பரபரப்பில், ஊரையே வேறிடத்திற்கு மாற்ற அரசு முடிவு செய்தது. புதிய ஊரைக் கட்டும் பொறுப்பு 1945ல் ஃபத்ஹீயிடம் வந்தது.

நூபியாவிலிருந்து கொத்தனார்களை வரவழைத்தார். உள்ளூர் இளைஞர்களுக்கு அவர்கள் மூலம் தொழில் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். ஒரே அச்சில் வரிசை வீடு கட்டாமல், ஒவ்வொரு குடும்பத்தின் அளவையும் உறவையும் பழக்கத்தையும் கருத்தில்கொண்டு வீடுகளை வரைந்தார். பள்ளிவாசல், சந்தை, தொழிற்பயிற்சிக் கூடம், அரங்கம், ஆண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி ஆகியவை திட்டத்தில் இருந்தன. எல்லாம் மண்.

பள்ளிக்கூடத்தில் அவர் செய்த ஏற்பாட்டைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பழைய கெய்ரோ வீடுகளின் மாடியில் 'மல்கஃப்' என்ற காற்றுப் பிடிப்பான் இருக்கும். கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் கூண்டு அது. குளிர்ந்த காற்று வரும் வடதிசையை நோக்கி அதன் வாய் திறந்திருக்கும். மேலே அடிக்கும் புழுதியில்லாத காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கிவிடும். ஃபத்ஹீ அந்தக் கூண்டுக்குள் ஈரமான கரியைத் தட்டுகளில் வைத்தார். காற்று ஈரக் கரியினூடே இறங்கும்போது நீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். வகுப்பறையின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் வரை குறைந்தது. ஒரு துளி மின்சாரம்கூடச் செலவாகவில்லை.

ஆனால் ஊர் முழுமை பெறவில்லை. அரசு அலுவலகங்களின் தாமதமும் சிவப்பு நாடாவும் ஒருபுறம் வாட்டின. வைக்கோல் வாங்குவதற்குக்கூட மாதக்கணக்கில் கோப்பு நகர வேண்டியிருந்தது. மறுபுறம் ஊர் மக்களே வர மறுத்தார்கள். கல்லறைகளைவிட்டு வந்தால் பிழைப்பு போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு. ஒரு வெள்ளக் காலத்தில் புதிய ஊரைக் காத்த கரையைச் சிலர் உடைத்தும்விட்டார்கள். 1948ல் வேலை நின்றது. திட்டமிட்டதில் ஒரு சிறு பகுதிதான் எழுந்திருந்தது.

இதை ஃபத்ஹீயின் தோல்வி என்று சொன்னவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. அந்த மக்களுக்குக் கேட்காமலே அரசு எடுத்த முடிவு அது. எவ்வளவு அன்போடு வீடு வரைந்தாலும், அங்கு வாழப் போகிறவர் விரும்பாவிட்டால் அது வீடாகாது. குறிப்பாக, அன்றைய வழக்கத்தில் அந்நிய ஆண் ஒருவர் வீட்டுப் பெண்களோடு பேச இயலாததால், அடுப்பங்கரையையும் முற்றத்தையும் உண்மையில் ஆளுகின்ற பெண்களின் கருத்து வரைபடத்தில் போதிய அளவு சேரவில்லை. நமது மஹல்லாக்களில் பொதுக் கட்டடம் எழுப்பும்போது இந்தக் குறை இன்றும் நடக்கிறதா இல்லையா என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கசப்பை ஃபத்ஹீ மறைக்கவில்லை. குர்னாவின் கதையை முழுமையாக எழுதி 1969ல் கெய்ரோவில் நூலாக வெளியிட்டார். 1973ல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' என்ற பொருள்படும் தலைப்பில் மறுபடி வெளியிட்டது. கெய்ரோவில் யாரும் செவிகொடுக்காத மனிதரை உலகம் தேடி வந்தது அதற்குப் பிறகுதான்.

இரண்டு அறைகள், ஒரு சோதனை

குர்னாவுக்குப் பின் கல்வி அமைச்சகத்தில் பள்ளிக் கட்டடப் பிரிவின் தலைவராக 1949 முதல் 1952 வரை இருந்தார். பிறகு மீண்டும் நுண்கலைக் கல்லூரிக்குத் திரும்பி, கட்டடக்கலைத் துறையின் தலைவரானார். தெற்கு எகிப்தில் ஃபாரிஸ் என்ற ஊரில் அவர் வரைந்த பள்ளி 1957ல் எழுந்தது. வகுப்பறைகளுக்குக் குவிமாடம், வளைவுக் கூரை, காற்றுப் பிடிப்பான். காங்கிரீட் பள்ளிக்கு ஆகும் செலவைவிட மிகக் குறைந்த செலவில் அது முடிந்தது. ஆனால் அந்த முறை பரவவில்லை. ஃபத்ஹீ இதற்குச் சொன்ன காரணம் கசப்பானது. மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று கூலியும் லாபமும் பெறுகிற ஒப்பந்தக்காரருக்கும் வரைபடக்காரருக்கும் மலிவான கட்டடத்தில் என்ன ஆதாயம்?

அவர் மனம் சோர்ந்து நாட்டைவிட்டு வெளியேறினார். சில ஆண்டுகள் கிரீஸ் நாட்டின் ஏதென்ஸில் பணியாற்றிவிட்டு 1960களின் தொடக்கத்தில் திரும்பினார்.

1964ல் கெய்ரோவின் கட்டட ஆய்வு மையத்தில் ஒரு சோதனை நடந்தது. மையத்தின் வளாகத்தில் சோதனை அறைகள் கட்டப்பட்டன. அவற்றில் ஒன்று 50 செ.மீ. கனமுள்ள மண் சுவரும் மண் வளைவுக் கூரையும் கொண்டது. இன்னொன்று 10 செ.மீ. கனமுள்ள ஆயத்தக் காங்கிரீட் பலகைகளால் ஆனது. மார்ச் மாதத்து ஒரு நாள் முழுக்க உள்ளே வெப்பம் அளக்கப்பட்டது. மண் அறையில் 24 மணி நேரமும் வெப்பம் 21 முதல் 23 டிகிரிக்குள்ளேயே நின்றது. காங்கிரீட் அறையில் அது 36 டிகிரியைத் தொட்டது. வெளியே இருந்த காற்றைவிட அது 9 டிகிரி அதிகம்! அதாவது அந்த அறைக்குள் இருப்பதைவிட வெளியே நிழலில் நிற்பது மேல்.

காரணம் எளிது. கனமான மண் சுவர் பகல் வெப்பத்தை மெதுவாக உள்வாங்கும். அது உட்புறம் வந்து சேர்வதற்குள் இரவு வந்துவிடும். இரவின் குளிர்ச்சியில் சுவர் மறுபடி ஆறிவிடும். மெல்லிய காங்கிரீட் பலகையோ வெப்பத்தை உடனே உள்ளே கடத்திவிடும். இப்படிச் சூடேறும் அறையை நாம் இயந்திரம் வைத்துக் குளிரூட்டுகிறோம். இயந்திரம் உள்ளே இருக்கும் வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது. தெரு இன்னும் சூடாகிறது. சிமெண்ட் செய்வதற்கே பெரும் எரிபொருள் தேவை. உலகம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. இந்தக் கணக்கையெல்லாம் உலகம் போடத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே ஃபத்ஹீ விடை தேடிக்கொண்டிருந்தார்.

1967ல் கார்ஜா பாலைவனச் சோலையில் புதிய பாரிஸ் என்ற ஊரைக் கட்டத் தொடங்கினார். விளைபொருள் கெடாமல் இருக்கச் சந்தையின் அடியில் கிடங்குகள் அமைத்து, காற்றுப் பிடிப்பான்களால் அவற்றைக் குளிரவைத்தார். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் வெடித்த போர் அந்த வேலையையும் நிறுத்திவிட்டது.

பழைய கெய்ரோ கற்றுத்தந்த பாடங்கள்

ஃபத்ஹீ புதிதாக எதையும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மம்லூக், உஸ்மானியர் காலத்து முஸ்லிம் கைவினைஞர்கள் விட்டுச்சென்றதை அறிவியல் கண்ணோடு மறுபடி படித்தேன் என்பதே அவர் நிலை.

வீட்டின் நடுவே முற்றம். இரவில் குளிர்ந்த காற்று கனத்து முற்றத்தில் இறங்கித் தங்கும். சுற்றியுள்ள அறைகள் காலை வெகுநேரம்வரை அந்தக் குளிர்ச்சியில் இருக்கும். நிழலான சிறு முற்றத்திற்கும் வெயில்படும் பெரிய தோட்டத்திற்கும் இடையே இருபுறமும் திறந்த ஒரு கூடம் வைப்பார்கள். தோட்டத்தில் சூடான காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்ப முற்றத்தின் குளிர்ந்த காற்று கூடத்தின் வழியே வீசும். காற்றே அடிக்காத நாளிலும் அங்கே தென்றல் இருக்கும். ஜன்னலுக்கு 'மஷ்ரபிய்யா' என்ற மரச் சல்லடை. கடைசல் மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த அது வெயிலின் கூச்சத்தைத் தடுக்கும், காற்றை விடும், வீட்டுப் பெண்களின் ஹிஜாபையும் காக்கும். ஒரே பொருள் மூன்று வேலை செய்தது.

இதையெல்லாம் அளந்து, விளக்கி, மாணவர்கள் பயன்படுத்தும் வகையில் அவர் எழுதிய நூல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்திற்காக 1986ல் வெளிவந்தது. இயற்கை ஆற்றலையும் மரபுக் கட்டடக்கலையையும் பற்றிய அந்த நூல், கட்டடக்கலை மாணவர்கள் நாடும் நூல்களில் ஒன்றாக ஆனது.

வீண்விரயத்தை நமது மார்க்கம் எவ்வளவு கண்டிக்கிறது என்பது நாம் அறிந்ததே. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் மதீனாவில் எழுப்பிய பள்ளிவாசலின் சுவர்கள் பச்சைக் கல், தூண்கள் ஈச்ச மரம், கூரை ஈச்ச ஓலை. அந்தப் பள்ளிவாசலே இந்த உம்மத்தின் முதல் கல்விக்கூடமாகவும் இருந்தது. மண் கட்டடம் கல்விக்கு இழுக்கு என்ற எண்ணம் நம்மிடம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

எண்பது வயதில் ஒரு மத்ரஸா

1980ஆம் ஆண்டு அவருக்கு 80 வயது. அந்த ஆண்டில்தான் அங்கீகாரங்கள் வரிசையாக வந்தன. கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது முதன்முறையாக லாகூரில் வழங்கப்பட்டபோது, வாழ்நாள் பணிக்கான தலைவர் விருது அவருக்குக் கிடைத்தது. மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹூட் விருதும் அது தொடங்கிய அதே ஆண்டில் அவரைத் தேடி வந்தது.

அதே காலத்தில் அமெரிக்க முஸ்லிம்கள் சிலர் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் அபிகியூ என்ற ஊரில் 'தாருல் இஸ்லாம்' என்ற கல்வி மையத்தை எழுப்ப எண்ணி ஃபத்ஹீயை அழைத்தார்கள். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளும் ஸ்பானியர்களும் காலங்காலமாக மண் கல்லால் வீடு கட்டுகிறவர்கள். முதிர்ந்த வயதில் ஃபத்ஹீ நூபியக் கொத்தனார்களையும் உடன் அழைத்துக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தார். அங்கே பள்ளிவாசலின் குவிமாடமும் வளைவுகளும் அமெரிக்கர்களின் கண்முன்னே மரச்சட்டமின்றி எழும்பின. பெரிய திட்டத்தில் பள்ளிவாசலும் மத்ரஸாவும் மட்டுமே நிறைவேறின. ஆனால் அவை இன்றும் நிற்கின்றன.

நவம்பர் 30, 1989 அன்று கெய்ரோவில் அவர் வஃபாத்தானார். கோட்டைக்கு அருகே, பழைய கெய்ரோவின் சந்து ஒன்றில், உஸ்மானியர் காலத்து வீட்டில்தான் கடைசிவரை வாழ்ந்தார். பூனைகள் நிறைந்த அந்த வீட்டிற்கு உலகெங்கிலுமிருந்து மாணவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அவரிடம் கற்ற அப்துல் வாஹித் அல்வகீல் பின்னர் மதீனாவில் குபா பள்ளிவாசலின் புதிய கட்டடத்தை வடிவமைத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் இஸ்லாமிய ஆய்வு மையத்திற்கான வளாகத்தை வரைந்தவரும் அவரே. குவிமாடமும் முற்றமும் கொண்ட அந்தக் கட்டடம், நூற்றாண்டுகள் பழமையான ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளுக்கு நடுவே அடக்கமாக நிற்கிறது. ஃபத்ஹீயின் வரைபடங்களும் கடிதங்களும் கெய்ரோவிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நமது தமிழகத்திலும் ஒரு தொடர்பு உண்டு. ஆரோவில் மண் கட்டட ஆய்வு நிறுவனத்தில், நூபிய முறையிலிருந்து வளர்த்தெடுத்த வளைவுக் கூரைப் பயிற்சி பல நாட்டு மாணவர்களுக்கு அளிக்கப்படுகிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஃபத்ஹீயைப் படித்துவிட்டு, காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ நாகூரிலோ அப்படியே மண் குவிமாடம் எழுப்பினால் அது அவரைத் தவறாகப் புரிந்துகொண்டதாகிவிடும். அவர் கட்டியது மழையே இல்லாத வறண்ட நாட்டில். மண் கல்லுக்கு ஈரம் எதிரி. ஆண்டுதோறும் பூச்சும் பராமரிப்பும் தேவை. குர்னாவிலேயே நிலத்தடி ஈரமும் உப்பும் சுவர்களை அரித்தன. பல வீடுகளை உரிமையாளர்கள் இடித்துக் காங்கிரீட்டாக மாற்றிவிட்டார்கள். பள்ளிவாசல் உள்ளிட்ட சில பொதுக் கட்டடங்கள் அண்மை ஆண்டுகளில்தான் புனரமைக்கப்பட்டன. ஈரக் கரி வைத்த காற்றுக் கூண்டும் நமது கடற்கரைப் புழுக்கத்தில் அவ்வளவாகப் பயன் தராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது நீர் எளிதில் ஆவியாகாது.

அவரிடமிருந்து நாம் பெற வேண்டியது வடிவமல்ல, கேள்வி. இந்த ஊரில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது? காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து வருகிறது? இங்கே மலிவாக என்ன பொருள் கிடைக்கிறது? நமது பாட்டனார்கள் இந்த வெப்பத்தை எப்படிச் சமாளித்தார்கள்? நமது பழைய வீடுகளின் முற்றம், திண்ணை, தாழ்வாரம், நாட்டு ஓடு, எதிரெதிரே வைத்த ஜன்னல்கள் எல்லாம் அந்தக் கேள்விக்கு நமது மண் தந்த விடைகள். அடுத்த முறை மத்ரஸாவுக்கோ கல்லூரிக்கோ வரைபடம் மேசைக்கு வரும்போது, கட்டுமானச் செலவை மட்டும் பார்க்காமல், அடுத்த 30 ஆண்டுகளுக்கு மின்சாரத்திற்கு எவ்வளவு ஆகும் என்றும் நாம் கேட்க வேண்டும். மேற்குச் சுவரில் எதற்குக் கண்ணாடி என்று கேட்க வேண்டும். அந்த வகுப்பறையில் உட்காரப் போகும் பிள்ளைகளையும், பாடம் நடத்தப் போகும் உஸ்தாதுகளையும், ஆலிமாக்களையும் கலந்து கேட்க வேண்டும். ஊர் மக்களின் நன்கொடை ஓர் அமானிதம். அது மாதாமாதம் மின்கட்டணமாகக் கரைவதற்கு நாமே வழிவைக்கக் கூடாது.

கட்டடக்கலையோ சிவில் இன்ஜினியரிங்கோ படிக்கும் பிள்ளைகள் இன்று நமது குடும்பங்களில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஹஸன் ஃபத்ஹீயை அறிமுகப்படுத்துவோம். பெரிய கம்பெனியின் கண்ணாடிக் கோபுரத்தை வரைவது மட்டுமே வெற்றி அல்ல, ஏழைப் பிள்ளை வியர்க்காமல் அமர்ந்து படிக்கும் ஒரு வகுப்பறையைக் குறைந்த செலவில் கட்டித் தருவதும் ஸதகத்துல் ஜாரியாதான் என்று அவர்களுக்குச் சொல்லுவோம்.

ஹஸன் ஃபத்ஹீயின் நற்பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அவருக்குக் கற்றுக்கொடுத்த அந்தக் கொத்தனார்களுக்கும் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.